இருபது நிமிடத் தூரம்

சென்றாயனுக்கு அந்தத் தீவுகளின் பெயர்கள் வாயில் நுழையவில்லை. மாலத்தீவு என்ற நாட்டுக்குள் பொட்டுப் பொட்டாக நூற்றுக்கணக்கில் தீவுகள் இருக்கின்றன, அதில் ஒன்றில் மகனும் இன்னொன்றில் மகளும் வேலை பார்க்கிறார்கள் என்பது வரைக்கும் தெரியும். மகன் குருமூர்த்தி ஒரு சொகுசு விடுதியில் ஜெனரேட்டரும் ஏசியும் பார்த்துக்கொள்கிறான். மகள் சௌமியா அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீட்டில் மகனுக்குத் தம்பி, மகளுக்குப் பாப்பா என்றுதான் பேர்; அதனால் ஒன்றுக்குத் 'தம்பி தீவு' என்றும் இன்னொன்றுக்குப் 'பாப்பா தீவு' என்றும் அவரே பெயர் வைத்துக்கொண்டார். மோகனூர் கடைவீதியில் யாராவது விசாரித்தாலும் அப்படியே சொல்வார்.

முப்பது வருடத்துக்கு மேல் லாரி ஓட்டியவர். நாமக்கல்லில் முட்டை ஏற்றினால் கௌஹாத்தியில் போய்த்தான் இறக்குவார். எந்த ஊரைச் சொன்னாலும் வழியில் எங்கே மேடு, எங்கே நல்ல சாப்பாடு என்று கண்ணுக்கு முன்னால் வந்துவிடும். பிள்ளைகள் இருக்கிற இடத்தை மட்டும் அவரால் அப்படி நினைத்துப் பார்க்க முடியவில்லை. நடுவில் ரோடே இல்லாத ஊரை எப்படி நினைப்பது?

மனைவி மாரக்காள் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. சர்க்கரை ஆலைக்குப் போகும் ரோட்டோரத்தில் இருந்த வீட்டில் சென்றாயன் தனியாக இருந்தார். காலையில் சோறு வடித்து ஒரு குழம்பு வைத்தால் ராத்திரிக்கும் அதுவே ஓடிவிடும். சாயங்காலம் ஆனால் இரண்டு போன் வரும். வேலை முடிந்ததும் முதலில் குருமூர்த்தி பேசுவான். இருட்டின பிறகு சௌமியா பேசுவாள். அந்த இரண்டு அழைப்புக்கு நடுவில் அவர் எங்கேயும் போவதில்லை. போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார்.

அண்ணனும் தங்கையும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. அம்மா செத்தபோது முறிந்த பேச்சு அது.

மாரக்காள் நெஞ்சுவலி என்று சொல்லிப் படுத்தவள் விடியும்போது இல்லை. சேதி கிடைத்ததும் இரண்டு பேரும் பெட்டியைக் கட்டினார்கள். அந்தப் பக்கத்தில் ஓடுவது சின்ன விமானம்தான். தம்பி தீவில் கிளம்பி, பாப்பா தீவில் இறங்கி ஆட்களை ஏற்றிக்கொண்டு, பிறகு தலைநகரத்துக்குப் போகும். அங்கிருந்துதான் இந்தியாவுக்கு வேறு விமானம் பிடிக்க வேண்டும். குருமூர்த்தி ஏறிவிட்டான். அடுத்த தீவில் தங்கை ஏறுவாள், சேர்ந்தே போய்விடலாம் என்று இருந்தான். ஆனால் பாப்பா தீவில் பேய்மழை. விமானம் இரண்டு தடவை சுற்றிப் பார்த்தது. ஓடுபாதை தெரியவில்லை. இறங்காமல் நேராகத் தலைநகரத்துக்குப் போய்விட்டது.

கீழே சௌமியா நனைந்த பெட்டியோடு நின்றிருந்தாள். மேகத்துக்குள் அந்தச் சத்தம் வந்ததும், சுற்றினதும், தேய்ந்து போனதும் அவள் காதில் கேட்டது.

குருமூர்த்தி மறுநாள் மத்தியானம் மோகனூர் வந்து சேர்ந்தான். தங்கை அதற்கடுத்த நாள் காலையில் வந்துவிடுவாள் என்று தகவல் வந்தது. குளிர்பெட்டி வீட்டு வாசலிலேயே இருந்தது, இன்னும் ஒரு ராத்திரி வைத்திருந்திருக்கலாம். பங்காளிகள் கூடாது என்றார்கள். ஏற்கெனவே ஒரு ராத்திரி வைத்தாயிற்று, வெள்ளிக்கிழமை பிறக்கிறது, எடுத்துவிட வேண்டும் என்றார்கள். இரண்டு நாளாகத் தூங்காத குருமூர்த்தி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினான். பொழுது சாய்வதற்குள் காவிரிக்கரைச் சுடுகாட்டில் எரித்துவிட்டார்கள்.

சௌமியா வந்து இறங்கியபோது பால் தெளிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவள் அழவில்லை. அண்ணன் முன்னால் போய் நின்றாள்.

"நான் கீழ நிக்கறேன்னு உனக்குத் தெரியுமில்ல? மேல உக்காந்து பாத்துட்டுத்தானே போன? நான் ஏறலைன்னு உனக்கு மட்டுந்தானே கண்ணால தெரியும்? ஒரு ராத்திரி அம்மாவ வெச்சிருக்கச் சொல்ல உனக்கு வாய் வரலியா?"

"எறங்கறதுக்கு நான் என்ன பைலட்டா?" என்றான் குருமூர்த்தி.

அவள் கேட்டது அதை இல்லை. அது அவனுக்கும் தெரியும். ஆனாலும் அதைத்தான் சொன்னான். அதோடு முடிந்தது. காரியம் முடிந்து இரண்டு பேரும் வேறு வேறு நாளில், வேறு வேறு ஊர் வழியாகத் திரும்பிப் போனார்கள்.

அதற்குப் பிறகு அவர்களுக்கு நடுவில் அப்பாதான். சாயங்காலம் பேசும்போது குருமூர்த்தி சாதாரணமாகக் கேட்பான்.

"அங்க மழைங்களாப்பா?"

அங்கே என்றால் மோகனூர் இல்லை. சென்றாயனுக்குப் புரியும்.

"நேத்து நல்லாப் பேஞ்சுதாம். இன்னிக்கு வெயிலாம்."

"ம்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவான்.

சௌமியா இன்னும் அழுத்தக்காரி. "சாப்பாடெல்லாம் சரியாக் கெடைக்குதாமா?" என்பாள்.

"யாருக்குச் சாமி?"

"யாருக்கோ."

அவர் சொல்வார். விடுதியில் மீன் போட்டே கொல்கிறார்களாம், குருமூர்த்திக்கு வயிறு சரியில்லையாம். அவள் கேட்டுக்கொள்வாள். போனை வைக்கும்போது, "சீரகத் தண்ணி குடிச்சாப் போதும், எல்லாத்துக்கும்" என்பாள். மறுநாள் சாயங்காலம் சீரகத் தண்ணி தம்பி தீவுக்குப் போய்ச் சேரும். யார் சொன்னது என்று அவனும் கேட்க மாட்டான்.

இப்படியே இருந்துவிடக் கூடாதே என்று அவருக்குக் கவலை இருந்தது. ஆனால் சாயங்காலம் வரும்போது அந்தக் கவலை கொஞ்சம் மறந்துபோகும். சொல்வதற்கு இரண்டு பக்கமும் சேதி இருந்தது.

போன ஆனி மாதம் ஒரு நாள், இருட்டி வெகுநேரம் ஆகியும் சௌமியா பேசவில்லை. அப்புறம் வந்த குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

"அப்பா, கொஞ்சம் காய்ச்சலுங்க. பயந்துக்காதீங்க."

"எப்பருந்து சாமி?"

"மூணு நாளாச்சு. டெங்குன்னு சொல்லிட்டாங்க. இங்கதான் படுத்திருக்கேன். நான் டூட்டி பாக்கற வார்டுலயே எனக்கும் ஒரு கட்டில்." சிரிக்கப் பார்த்தாள். இருமல் வந்தது.

"கூட யாரு இருக்கறா?"

"எல்லாருந்தான் இருக்கறாங்க. டாக்டர், கூட வேல செய்யற புள்ளைங்க."

"பக்கத்துல உக்காந்துக்க யாரு இருக்கறான்னு கேட்டேன்."

யாரோ பாத்திரத்தை நகர்த்தும் சத்தம் மட்டும் கேட்டது.

"அவங்கிட்டச் சொல்லாதீங்கப்பா."

"ஏஞ் சாமி?"

"அம்மாவுக்கே நிக்காதவன் எனக்காக ஒண்ணும் வர வேண்டாம். நீங்க சொன்னீங்கன்னா அப்பறம் உங்களுக்கும் போன் பண்ண மாட்டேன். நெசமாத்தான் சொல்றேன்."

சொன்னால் செய்கிறவள். மாரக்காள் மாதிரி.

காலையில் சென்றாயன் கடைவீதிக்குப் போனார். செல்போன் விற்கும் ரஷீத், பஸ் ரயில் டிக்கெட்டும் விமான டிக்கெட்டும் எடுத்துத் தருவார். பிள்ளைகள் வந்துபோவதற்கு எப்போதும் அவரிடம்தான் டிக்கெட். கடை திறந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவர், சென்றாயன் முகத்தைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"ஏனுங்கண்ணா, ஒடம்பு சரியில்லீங்களா?"

"எனக்கொண்ணுமில்ல ரஷீத். பாப்பாவுக்குத்தான். நான் அங்க போகோணும். எப்பப் போனா எப்பப் போய்ச் சேருவேன்?"

"பாஸ்போர்ட் இருக்குதுங்களா?"

"ஹெவி லைசென்ஸ்தான் இருக்குது" என்றார் சென்றாயன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அசட்டுப் பேச்சு என்று பட்டது. இந்தியா முழுக்கச் சுற்றியும் எந்த எல்லையிலும் யாரும் அவரிடம் பாஸ்போர்ட் கேட்டதில்லை.

ரஷீத் சிரிக்கவில்லை. "அவசரமா எடுத்தாலும் நாளாகுங்கண்ணா" என்றார். பிறகு யோசித்துவிட்டு, "தம்பியும் அந்தப் பக்கந்தானுங்களே?" என்று கேட்டு, தன் போனில் படத்தைத் திறந்து நீட்டினார். நீலமாக ஒரே கடல். விரலால் பெரிதாக்கப் பெரிதாக்க அதில் வெள்ளை வளையம் வளையமாகத் தீவுகள் வந்தன.

"இதுல தம்பி. இதுல பாப்பா. பாருங்க, இங்கிருந்து நீங்க சேலம் போற தூரங்கூட வராது."

"இவ்வளவுதானா?"

"பிளேன் ஏறி எறங்க இருவது நிமிஷம்னு போட்டிருக்குது. டீ குடுத்து வாங்கறதுக்குள்ள எறங்கிரும்."

"போட்டுல போக முடியாதா?"

"காத்துக் காலமுங்க. நடுவுல ஆழக் கடலு. சின்ன போட்டெல்லாம் இப்ப விட மாட்டாங்க. பிளேன்தான்."

சென்றாயன் அந்த இரண்டு புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். மோகனூரில் டவுன் பஸ் ஏறி உட்கார்ந்தால் நாமக்கல் போய்ச் சேர்வதற்குள் ஒருத்தன் தங்கச்சி வீட்டு வாசலில் நிற்கலாம். இதுவரைக்கும் அவர்களுக்கு நடுவே மகா சமுத்திரம் கிடப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். அவளும் அதே வானத்தில் அதே விமானச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதானே இருந்திருப்பாள், வாரத்தில் எத்தனை தடவை. அண்ணன் தீவிலிருந்து வருகிறது என்று தெரிந்தே.

ரஷீத்திடம் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வெளியே வந்தார். வேப்பமரத்து நிழலில் நின்று மகனை அழைத்தார். எப்போதும் அவன்தான் கூப்பிடுவான். அப்பா கூப்பிட்டதும் எடுத்த எடுப்பிலேயே பதறினான்.

"என்னங்கப்பா? என்ன ஆச்சு?"

"எனக்கு ஒண்ணும் ஆகல. பாப்பாவுக்கு டெங்கு. நாலு நாளா ஆஸ்பத்திரில கெடக்கறா."

பின்னால் ஏதோ மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"உங்களைச் சொல்லச் சொன்னாளா?"

"சொல்லக் கூடாதுன்னு சொன்னா."

"அப்பறம் நான் எதுக்குப் போகோணும்? போயி நின்னா மூஞ்சியத் திருப்பிக்குவா. அத்தன பேர் முன்னாடி, அவ வேல செய்யற எடத்துல."

"திருப்பிக்கட்டும் சாமி. திருப்பிக்கிட்டா அந்தப் பக்கம் போயி நில்லு."

அந்தப் பக்கம் மோட்டார் நின்றது.

"நான் போகலாம்னு ரஷீத் கடைக்குப் போனேன். எனக்கு முடியாதாம். உனக்கு இருவது நிமிஷமாம். கௌஹாத்திக்குப் போயிருந்தப்ப உனக்கு மஞ்சக்காமாலைன்னு உங்கம்மா சொன்னா. லோடு எறக்காத வண்டிய வுட்டுப்போட்டு ஓடியாந்தேன். ஊடு வந்து சேர ஆறு நாளாச்சு. வழியெல்லாம் நீ இருக்கறயா இல்லையான்னே தெரியாம வந்தேன். உனக்கு இருவது நிமிஷம் குரு."

மகனை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. அவன் பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்துவிட்டார். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, சொன்னால் போனே பண்ண மாட்டேன் என்று மகள் சொன்னது. இனி இருட்டின பிறகு போன் வராமலே இருக்கலாம். இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டார். நடந்தே வீட்டுக்கு வந்தார்.

அன்று சாயங்காலம் இரண்டு பேருமே அழைக்கவில்லை. மறுநாள் காலையில் குருமூர்த்தியிடமிருந்து ஒரு வரி வந்தது. 'சீட் கெடச்சுது. ஏறிட்டேன்.' அவ்வளவுதான்.

சென்றாயன் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தார். மோகனூர் வானத்தில் ஒரு மேகமில்லை. இங்கே இல்லாமல் என்ன பிரயோஜனம்? ரஷீத்துக்குப் போன் செய்து அங்கே மழையா என்று பார்க்கச் சொன்னார். பார்த்துவிட்டு ரஷீத், "மழைன்னுதான் காட்டுதுங்கண்ணா. ஆனா இதுல எப்பவுமே மழைன்னுதான் காட்டும்" என்றார்.

இருபது நிமிடம் போயிற்று. அது தெரிந்தது, ஏனென்றால் அவர் ஒன்றும் செய்யாமல் சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மகனுக்கு அழைத்தார். போன் அணைந்திருந்தது. விமானம் மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது போலிருக்கிறது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. சத்தம் மட்டும் கீழே கட்டிலில் கிடக்கிறவளுக்குக் கேட்கும். அவள் கண்ணைத் திறந்து கேட்பாள், பிறகு மூடிக்கொள்வாள். நினைக்க நினைக்க அவரால் உட்கார முடியவில்லை. இந்தத் தடவையும் இறங்காமல் போய்விட்டால் இனி அவன் ஜென்மத்துக்கும் ஏற மாட்டான். மாரக்காளின் படத்துக்கு முன்னால் போய் நின்றார். வேண்டிக்கொள்ள ஒன்றும் வரவில்லை. சும்மா நின்றுவிட்டு வந்தார்.

மத்தியானச் சோறு அப்படியே இருந்தது. வெயில் இறங்கும் நேரத்தில் போன் அடித்தது. சௌமியா.

"யாருங்கப்பா உங்களச் சொல்லச் சொன்னது?"

குரலில் கோபம் இருந்தது. கோபப்படத் தெம்பு வந்திருக்கிறதே என்று அவருக்குத் தோன்றியது.

"சொல்லிப்போட்டேன் சாமி."

"நான் நர்ஸ். எனக்கு எது குடிக்கோணும் எது குடிக்கக் கூடாதுன்னு தெரியாதா? பப்பாளி எலையப் பறிச்சுப் பையில அடச்சுக் கொண்டாந்திருக்கறான். அரைச்சு சாறெடுத்துட்டு நிக்கறான். வார்டே சிரிக்குது."

பின்னாலிருந்து குருமூர்த்தியின் குரல் கேட்டது. "பேச வேண்டாம், குடிக்கச் சொல்லுங்கப்பா. ரெண்டு தடவ கக்கிட்டா."

"கசப்பா இருந்தாக் கக்காம?" என்று அவள் அந்தப் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

அவனிடமே நேராகச் சொன்னாள். சென்றாயனுக்கு அது போதும். நாற்காலியில் உட்கார்ந்தார். "குடி கண்ணு, மூக்கப் புடிச்சுட்டுக் குடிச்சுரு" என்று மட்டும் சொன்னார்.

குருமூர்த்தி அங்கே ஒரு வாரத்துக்கு மேல் இருந்தான். காய்ச்சல் இறங்கியது, ரத்தத்தில் குறைந்திருந்த அணுக்கள் திரும்ப ஏறின. அவளைக் கைத்தாங்கலாகக் கடற்கரைக்கு நடத்திக் கூட்டிப் போனதாகச் சொன்னான். அவன் ரசம் வைத்துக் கொடுத்ததாகச் சொன்னாள் அவள். வாயில் வைக்க முடியவில்லையாம்.

"அம்மாவப் பத்திப் பேசுனீங்களா சாமி?" என்று ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"பேசியாச்சுங்கப்பா" என்றாள்.

"என்ன சொன்னான்?"

"அதெல்லாம் பேசி முடிச்சாச்சு. விடுங்க."

மகனிடமும் கேட்டுப் பார்த்தார். அவனும் அதே வார்த்தையைத்தான் சொன்னான். அந்தப் பேச்சில் யார் அழுதார்கள், யார் முதலில் இறங்கி வந்தார்கள் என்பது அவருக்குத் தெரியவே இல்லை. தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று சமாதானம் செய்துகொண்டார். ஆனாலும் மாரக்காளைப் பற்றி அவர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று பாத்திரம் துலக்கும்போது, துணி காயப்போடும்போது நினைத்துக்கொண்டே இருந்தார். அவளைப் பற்றிப் பேச அவருக்கும் யாரும் இருக்கவில்லை.

அதன் பிறகு சாயங்காலங்கள் மாறிப்போயின. யாரும் சொல்லிக்கொண்டு மாற்றவில்லை. குருமூர்த்தி ஒரு நாள் விட்டு ஒரு நாள் பேசினான், பிறகு வாரத்துக்கு இரண்டு முறை. சௌமியா பேசினாலும் சீக்கிரம் முடித்தாள். அங்கே மழையா என்று இப்போது யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியதை நேராகவே கேட்டுக்கொள்கிறார்கள். அவர் ஆசையாக ஒரு சேதியை எடுத்தால், "தெரியுங்கப்பா, அண்ணன் நேத்தே சொல்லிருச்சு" என்பாள். அவனைப் பழையபடி அண்ணன் என்று சொல்கிறாளே என்று மனசு குளிரும். அடுத்த வார்த்தைக்கு அவரிடம் ஒன்றும் இருக்காது.

"அப்பறம், வேறென்னங்கப்பா?"

"வேறென்ன சாமி. இருக்கறேன்."

புரட்டாசியில் ஒரு சேதி வந்தது. பாப்பா தீவிலேயே புதிதாகக் கட்டியிருக்கும் மின்நிலையத்தில் குருமூர்த்திக்கு வேலை கிடைத்துவிட்டது. இரண்டு பேருமாக ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு வீடு எடுத்திருக்கிறார்கள். இரண்டு அறை, ஒரு சமையலறை. சாமான் எல்லாம் வாங்கி அடுக்கின பிறகுதான் அவருக்குச் சொன்னார்கள்.

"நீங்களும் வந்துருங்கப்பா, கொஞ்ச நாளைக்கு" என்றான் குருமூர்த்தி.

"பாக்கலாம் சாமி" என்றார். அவனும் மேலே வற்புறுத்தவில்லை.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அழைத்தார்கள். அவர் ஊரில் கறி எடுத்துக் குழம்பு வைத்து, அப்போதுதான் தட்டில் போட்டிருந்தார். போனை எதிரே எண்ணெய் பாட்டிலில் சாய்த்து வைத்துக்கொண்டார். அங்கே சமையலறை தெரிந்தது. நீலச் சுவர், ஜன்னலுக்கு வெளியே தென்னை. சௌமியா தேறி, கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள். குருமூர்த்தி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தான்.

"சாப்பிடறீங்களாப்பா? கறிங்களா?"

"ஆமாஞ் சாமி. நாட்டுக்கோழி."

"இங்க இவன் பண்ற கொழம்பு இருக்குதே" என்று ஆரம்பித்தவள், "டேய், அது இவ்வளவு பெருசா அரிஞ்சா வேகுமா? கொண்டா இங்க" என்று திரும்பிவிட்டாள்.

"அம்மா இப்படித்தான் அரியும்."

"அம்மா எங்க இப்படி அரிஞ்சுது? நீ பாத்த?"

அவர்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள். இரண்டு பேரும் அவருக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். மாரக்காள் வெங்காயத்தை நீளமாகத்தான் அரிவாள், சென்றாயனுக்கு நன்றாகத் தெரியும். சொல்லலாம் என்று வாயெடுத்தார். அதற்குள் குருமூர்த்தி ஏதோ சொன்னான், சௌமியா கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தாள். அவர் சும்மா சாப்பிட்டுக்கொண்டே பார்த்திருந்தார். வெகுநாளைக்குப் பிறகு அவர் வீட்டில் ஆள் பேச்சு கேட்டது.

சிரித்தபடியே படம் நின்றுபோனது. பிறகு திரை இருண்டுவிட்டது. அந்தப் பக்கம் நெட் போயிருக்கும். திரும்ப அழைப்பார்கள் என்று கையைக் கழுவாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். குழம்பு கொதிக்கும் நேரம். இப்போது இறக்கியிருப்பார்கள், சோறு போட்டிருப்பார்கள்.

அவரே அழைக்கலாம். விரல் அதற்குப் போகவும் செய்தது.

சாப்பிடுகிற நேரம், சாப்பிடட்டும் என்று விட்டுவிட்டார். எழுந்து போய் தட்டைக் கழுவி வைத்தார். மிச்சக் குழம்பை ராத்திரிக்கு மூடினார். ரோட்டில் கரும்பு லாரி ஒன்று கியர் மாற்றி மெதுவாகப் போயிற்று. அது திருப்பம் தாண்டிச் சத்தம் அடங்குகிற வரைக்கும் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, உள்ளே வந்து படுத்தார்.